வாய் சொன்ன ‘ஆமா’

போன வாரம் புகைபோக்கிக்குள் தீப்பிடித்து, மாடி அறைச் சுவரிலிருந்து புகை கசிந்து, தீயணைப்பு வண்டி வந்து, ஊரே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனதே, அன்றிலிருந்து ஃபீனி குடும்பத்து வீட்டுக் கணப்பில் நெருப்பு இல்லை.

அது அட்ராக்டாவுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்ல அவளால் முடியாது.

கோடை முடிகிற சமயத்தில் வந்த பக்கவாதம் அவளுடைய வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் பேச்சையும் வாரிக்கொண்டு போய்விட்டது. காதுக்குக் குறைவில்லை. புத்திக்கும் குறைவில்லை. ஆனால் பேசலாம் என்று வாயைத் திறந்தால் ‘ஆமா’ என்ற ஒரே வார்த்தைதான் வந்து விழும். வேண்டும் என்றாலும் ஆமா. வேண்டாம் என்றாலும் ஆமா. அத்தி பூத்தாற்போல ஒரு ‘இல்ல’ வரும். அதுவும் வேண்டிய நேரத்தில் வராது.

முன்னறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு எதிரே கணப்பு. பக்கத்து வீட்டுக்காரி இரவல் கொடுத்த மின்சாரக் கணப்பு ஒன்று மூலையில் சத்தமில்லாமல் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது. முதுகும் வெதுவெதுப்பு, முகமும் வெதுவெதுப்பு. பல மாதங்களுக்குப் பிறகு அட்ராக்டா உடம்பைக் குறுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அசிங்கம்” என்றார் அவள் கணவர் மாலகி, அந்த மின்சாரக் கணப்பைப் பார்த்து. ஓட்ஸ் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, ஊதி, அவள் வாயருகே கொண்டுவந்தார். “ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு நம்ம வீடு. கவலைப்படாத. இன்னிக்குப் புகைபோக்கி சரிபண்ற கில்ஹூலி வர்றான். உன் நெருப்பை உனக்கு வாங்கிக் குடுக்காம நான் ஓயமாட்டேன்.”

“ஆமா” என்றது வாய்.

“பாத்தியா! எனக்குத் தெரியாதா உன்ன.”

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, அவள் நாற்காலியை அணைந்து கிடந்த கணப்பை நோக்கி இன்னும் ஒரு முழம் இழுத்துப் போட்டார். எழுபது வயதிலும் மாட்டை மல்லுக்கட்டி நிறுத்துகிற கை அவருக்கு. ஆனால் அவள் நாற்காலியை நகர்த்தும்போது மட்டும் கண்ணாடிச் சாமானைத் தூக்குவது போலத் தூக்குவார்.

அந்த அன்பை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். மாலகி மாடுகளுக்குத் தீனி வைக்கப் போயிருந்தார். போகிறதுக்கு முன்னால் கணப்பில் விறகுக்குப் பதிலாக எரிக்கும் கரிமண் கட்டிகளை அடுக்கி, மேலே ஒரு மரக்கட்டையையும் போட்டு, முன்னால் நிற்கும் கம்பி வலைத் தட்டியை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். ‘தட்டி மறைச்சா அவளுக்கு ஜுவாலை தெரியாது’ என்பது அவர் கணக்கு.

கட்டை வெடித்தது. ஒரு கங்கு பறந்து வந்து அவள் வலது காலில், காலுறைக்கும் செருப்புக்கும் நடுவே சொருகிக்கொண்டது.

அவளுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அதுதான் பயங்கரம். கம்பளி கருகும் வாசனை மட்டும் வந்தது. யார் வீட்டிலோ எதுவோ கருகுகிறது என்பது போல அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும். யாரை, எந்த வார்த்தையால்? “ஆமா! ஆமா!” என்று கத்தினாள். தொழுவத்தில் மாடுகள் கத்தின. இடது கையால் தடவிப் பார்த்து, பக்கத்திலிருந்த தேநீர்க் கோப்பையை அப்படியே காலில் கவிழ்த்தாள்.

மாலகி வந்து பார்த்தபோது தேநீர் கொட்டியிருந்தது. “அதுக்கென்ன, வேற போட்டுத் தர்றேன்” என்றார்.

மறுநாள் காலையில் அவளைக் குளிப்பாட்ட வரும் பெர்னி அந்தக் கொப்புளத்தைப் பார்த்தாள். படுக்கைக்குள் வெந்நீர்ப் பை கிடந்ததையும் பார்த்தாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். மாலகி அன்று முழுவதும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என் கையாலயே உன்னச் சுட்டுட்டேனே” என்று அழுதார். வெந்நீர்ப் பையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்.

ஆக, அவளைச் சுட்டது கணப்பில் இருந்தது. சுடாதது குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு இரவில் கால்கூட ஜில்லிட்டது.

பத்து மணி வாக்கில் மகள் டெர்வலாவின் கார் சத்தம் கேட்டது. கால்வே நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. வந்ததும் வராததுமாகக் கோட்டைக் கழற்றாமலே அம்மாவின் கையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள்.

“அட, கை சூடா இருக்கே! முகத்துல கூட களை வந்திருக்கே அம்மாவுக்கு.”

“களையாவது, கிளையாவது. நெருப்பில்லாம ஏங்கிப்போய்க் கெடக்கா” என்றார் மாலகி. “பாரு, நாள் பூரா அந்தக் கணப்பையேதான் பாத்துட்டிருக்கா.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடித்த நாய் தூங்கும்போது அதைப் பார்க்கிற பார்வை அது.

கில்ஹூலி வந்தபோது கூடவே புகைக்கரி வாசனையும் வந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அக்கா, எப்பிடி இருக்கீங்க?” என்று அவளிடம் சத்தமாகக் கேட்டார். காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல எல்லாருமே இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள்.

“ஆமா.”

“நல்லது, நல்லது” என்று மாலகி பக்கம் திரும்பினார். “அண்ணே, அன்னிக்கே கேமரா இறக்கிப் பாத்தாச்சு. உள்ளே இருக்கிற சுட்ட மண் குழாய் மேல்பக்கம் பூரா விரிசல். அதான் புகை மாடி ரூமுக்குப் போகுது. உள்குழாய மாத்தாம தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. அது முடிவு. இப்ப கேள்வி என்னன்னா, எதுக்குத் தகுந்த குழாய்?”

“திறந்த கணப்புக்குத்தான். வேற எதுக்கு?”

“அப்பா, அவர முழுசாச் சொல்ல விடுங்க” என்றாள் டெர்வலா.

கில்ஹூலி இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார். “திறந்து எரிக்கணும்னா இத்தனை அகலம் வேணும். ரப்பர் பையை உள்ளே இறக்கி, ஊதி, அதைச் சுத்திக் கலவை ஊத்தி இறுகவிடணும். வேலை இழுக்கும். இல்ல, இந்தக் குழிக்குள்ளயே கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்ப சொருகிடலாம்னா, எவர்சில்வர் குழாய் போதும். மேலேருந்து பாம்பு மாதிரி இறக்கிடுவேன். ஆனா ஒண்ணு. அந்த ஒல்லிக் குழாய இறக்கிட்டா, அப்புறம் திறந்து எரிக்கிறதுங்கிற பேச்சே கெடையாது.”

“எது சூடு ஜாஸ்தி?” என்று கேட்டாள் டெர்வலா.

“கதவு போட்டதுதான் தங்கச்சி. திறந்ததுல பாதிக்கு மேல வானத்துக்குப் போயிடும். காக்காய்க்குக் குளிர் காய வக்கிற கதை.”

டெர்வலா அப்பாவைப் பார்த்தாள். “கேட்டீங்களா? கதவு இருந்தா பொறி பறக்காது. நீங்க தொழுவத்துக்குப் போற நேரத்துல அம்மா தனியா இருக்காங்க. எனக்கு அதுதான் பயம்.”

சொல்லு, சொல்லு என்று அட்ராக்டாவுக்குள் எதுவோ துள்ளியது. இடது கையை நீட்டி மகளின் கைச்சட்டையைப் பற்றி இழுத்தாள்.

“என்னம்மா? டீ வேணுமா?”

“ஆமா.”

டெர்வலா சமையலறைக்குப் போய்விட்டாள். வாதாட வந்த ஒரே வக்கீலையும் தேநீர் போட அனுப்பிவிட்டோமே என்று அட்ராக்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

கோப்பையோடு டெர்வலா திரும்பி வந்தபோது சண்டை சூடுபிடித்திருந்தது. மாலகி எழுந்து நின்றுகொண்டு கணப்பின் சுண்ணாம்புக் கல்லை உள்ளங்கையால் தட்டினார்.

“இந்தக் கல்லு ஒவ்வொண்ணும் நான் சுமந்துட்டு வந்தது. அவளுக்காக. முதல் தடவ நெருப்புப் போட்டப்ப அவ என்ன சொன்னா தெரியுமா? ‘இதுக்கு முன்னாடி உக்காந்தே செத்துடலாம் மாலகி’ன்னா.”

சொன்னாள்தான். கை இரண்டும் கொப்புளித்து, விரலை மடக்க முடியாமல் நின்றவரிடம் வேறு என்ன சொல்வது? அதற்குப் பிறகு நாற்பது வருஷம் விடிகாலையில் முட்டிபோட்டுச் சாம்பல் அள்ளியது அவள். முகம் வெந்து முதுகு விறைத்து உட்கார்ந்தது அவள். ‘மேரி வீட்டுல கதவு போட்ட அடுப்பு வச்சிருக்காங்க’ என்று ஒரு தடவை ஆரம்பித்தாள். ‘பொட்டிக்குள்ள நெருப்பா? பொணத்தை வக்கிறாப்பல’ என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வாய் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

“நீங்க கட்டினதுங்கிறதுக்காக அம்மா அதுக்கு முன்னாடி வெறைக்கணுமா?” என்றாள் டெர்வலா.

அந்த வார்த்தை தப்பாக விழுந்துவிட்டது. மாலகியின் முகம் சிவந்தது.

“எனக்காகவா? எனக்காகவா கேக்குறேன்? எனக்கு என்ன, நான் பாதி நாள் தொழுவத்துல. இவளுக்கு என்ன மிச்சமிருக்கு சொல்லு? நடை போச்சு. பேச்சு போச்சு. பாட்டுப் போச்சு. கண்ணுக்கு முன்னாடி ஒரு ஜுவாலை. அதையும் கண்ணாடிக்குள்ள போட்டுப் பூட்டணுமா? நீ மாசத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போறவ!”

கில்ஹூலி தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்கு ரெண்டும் வேலைதான். மத்தியானம் பாதிரியார் வீட்டுக்குப் போகணும். அக்காவையே கேட்டுடுங்களேன்?”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்த பிறகு, அவளிடம் யாரும் எதையும் முடிவு செய்யச் சொல்லிக் கேட்டதில்லை.

டெர்வலா மண்டியிட்டு, அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் சின்னப் பிள்ளைகளிடம் கேட்பதுபோல் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

“அம்மா. அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு. கணப்பு பழையபடி திறந்தே இருக்கட்டுமா?”

இல்லை. இல்லை. அட்ராக்டா அந்த வார்த்தையைப் பிடித்தாள். அது மனதில் பளிச்சென்று எழுதியிருந்தது. அதைத் தூக்கி நாக்கில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தம் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. தலையையாவது ஆட்டலாம் என்று பார்த்தால் அதுவும் வாய் போகிற வழியிலேயே போனது.

“ஆமா” என்றது வாய்.

மாலகி மூச்சை விட்டார். டெர்வலா விடவில்லை.

“சரி. இப்ப இன்னொண்ணு. கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பு வச்சிடலாமா?”

இதற்கு ஆமா. இதற்குத்தான் ஆமா! நாளெல்லாம் வேண்டாத இடத்திலெல்லாம் வந்து விழுகிற அந்த வார்த்தை, இப்போது ஒரே ஒரு தடவை வந்தால் போதும். அவள் வாயைத் திறந்தாள். சற்று முன்னால் முக்கி முக்கித் தள்ளினாளே, அந்த ‘இல்ல’, அது அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“இல்ல” என்றாள். தானே திடுக்கிட்டு நிறுத்தப் பார்த்தாள். “இல்ல. இல்ல. இல்ல.”

“போதும்மா. போதும்” என்று டெர்வலா அவள் கன்னத்தைத் தடவினாள். “நாலு மாசத்துல அம்மா இவ்வளவு தெளிவாப் பேசி நான் கேட்டதே இல்ல. மன்னிச்சிடுங்கப்பா. அம்மா ஆசை அதுன்னா, நான் யாரு குறுக்க நிக்க?”

“நான்தான் சொன்னேனே” என்றார் மாலகி. ஜெயித்த குரல் இல்லை அது, அழுகைக்குப் பக்கத்தில் இருந்த குரல். “கில்ஹூலி, அகலக் குழாய்க்கு ஏற்பாடு பண்ணு.”

“திங்கக்கிழமை காலையில ஆளோட வந்துடறேன் அண்ணே. கலவை சாமானுக்குச் சாயங்காலம் உங்களக் கேட்டுட்டுக் கடையில சொல்லிடறேன்.”

கில்ஹூலியின் வண்டி போன பிறகு மாலகி அவள் முன்னால் சிரமப்பட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அவள் முகத்தை ஏந்தினார். அட்ராக்டாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் தடுக்கிற சக்தியும் அவளுக்கு இல்லை.

“அழாதடி. சந்தோஷம்தானே? உன் நெருப்பு உனக்குக் கெடச்சிடுச்சு.” பெருவிரலால் ஒரு கண், மறு கண் என்று துடைத்துவிட்டார். “எனக்கு மட்டும் தெரியும் உன் மனசு.”

இந்த உலகத்தில் அவள்மேல் இத்தனை பிரியம் வைத்தவர் வேறு யாரும் இல்லை. அவர் தொழுவத்துக்குப் போகும் ஒவ்வொரு சாயங்காலமும் இனிமேல் அவள் அந்த வாயைத் திறந்த கணப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கப்போகிறாள். அவரே தட்டியை எடுத்து வைத்துவிட்டு, ஒரு முத்தமும் கொடுத்துவிட்டுப் போவார்.

அன்று மத்தியானம் ஹாம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் வெண்ணெயை நகர்த்திக்கொடுத்தார்கள். வீட்டில் சமாதானம் வந்துவிட்டது. அட்ராக்டாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் ஜெப நேரத்து மணியோசை கேட்டதும் மாலகி அதை அணைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தார். டெர்வலா பக்தி கிக்தி எல்லாம் விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் இன்றைக்கு அப்பாவுக்காக நாற்காலிமேல் கையை ஊன்றி மண்டியிட்டாள்.

ஒரு விஷயம். அட்ராக்டாவுக்குப் பேச்சு வராதே தவிர ஜெபம் வரும். சிறுமியாக இருந்தபோதிலிருந்து உருப்போட்டது. யாராவது ஆரம்பித்துக் கொடுத்தால் போதும், மேட்டிலிருந்து உருட்டிவிட்ட சக்கரம் மாதிரி கடைசிவரை தானாக ஓடிவிடும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், ‘அது வேற, பேச்சு வேற, அது தானா வர்றது’ என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து யாரும் அதைக் கவனிப்பதில்லை. அட்ராக்டாவும்தான்.

ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் உருண்டன. முடிவில் வழக்கமான சின்ன ஜெபம்.

“...நரக நெருப்பிலிருந்து எங்களை மீட்டருளும்” என்று மூன்று குரலும் சேர்ந்து சொல்லின.

அட்ராக்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நெருப்பு. அவள் வாய் இப்போது ‘நெருப்பு’ என்று சொன்னது. அதற்குள் சக்கரம் அடுத்த பத்துக்கு ஓடிவிட்டது.

இரண்டாவது பத்து மணியையும் வாய் தன்பாட்டில் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அவள் உள்ளே காத்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற பஸ்ஸில் ஏறக் காத்திருப்பவளைப் போல. வரும். அந்த இடம் வரும். வந்தது.

“ஓ என் இயேசுவே, எங்கள் பாவங்களை மன்னியும், நரக நெருப்பிலிருந்து...”

பிடித்துக்கொண்டாள்.

“நெருப்பிலிருந்து” என்றாள். மற்ற இருவரும் ‘எங்களை மீட்டருளும்’ என்று முடித்துவிட்டார்கள். “நெருப்பிலிருந்து. நெருப்பிலிருந்து.”

“பரவால்ல விடு, தட்டிடுச்சு” என்று மாலகி கண்ணைத் திறக்காமலே சொன்னார். “மூணாவது...”

“அப்பா, ஒரு நிமிஷம்.”

“ஜெபத்துக்கு நடுவுலயா?”

“ஒரு நிமிஷம் சும்மா இருங்கப்பா.” டெர்வலா முட்டியால் நகர்ந்தே அம்மாவின் அருகில் வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஆமா என்று சொல்லும்போது அந்த முகம் ஒரு மாதிரி இருக்கும். அது இப்படி இருக்காது. “என்னம்மா? என்ன நெருப்பு?”

“ஆமா” என்றது வாய். போய்விட்டது. கேள்வி கேட்டால் பேச்சின் கதவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அந்தக் கதவு பூட்டு. அட்ராக்டாவின் இடது கை தொடையில் அடித்துக்கொண்டது.

“நம்ம கணப்பைத்தான் சொல்றா. அதே நெனப்பு” என்றார் மாலகி.

டெர்வலா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கேள்வியாக இல்லாமல், ஜெபமாகவே தொடங்கினாள்.

“ஓ என் இயேசுவே...”

சக்கரம் அசைந்தது. அட்ராக்டாவின் உதடும் சேர்ந்துகொண்டது.

“எங்கள் பாவங்களை மன்னியும்...”

அங்கே டெர்வலா நிறுத்திவிட்டாள். மிச்சத்தை அம்மாவிடமே விட்டுவிட்டு, மூச்சுவிடாமல் பார்த்தாள்.

நரகம் அட்ராக்டாவுக்குத் தேவைப்படவில்லை. அதைத் தாண்டினாள். “நெருப்பிலிருந்து” என்றாள். சக்கரம் முன்னால் இழுத்தது. ‘எங்களை’ நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். நெற்றி வியர்த்தது. இடது கை மகளின் விரல்களை நெரித்தது.

“நெருப்பிலிருந்து... என்னை.”

“‘என்னை’ன்னா சொன்னா?” என்றார் மாலகி.

அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். தன் கையால் வைத்த கல்லை, ஓரமாக வைத்த தட்டியை, திரும்ப அவளை. ஜெபமாலை அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“கில்ஹூலியாத்தான் இருக்கும்” என்றாள் டெர்வலா மெதுவாக. “கலவை சாமான் சொல்லிடலாமான்னு கேக்க.”

மாலகி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூடத்துக்குப் போய் போனை எடுத்தார்.

“ஹலோ” என்றார்.

அதற்கு மேல் அவருக்கும் வார்த்தை வரவில்லை.